குலவை வராத வருஷம்

நாவலேந்தலில் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஊருக்குக் காப்புக் கட்டினார்கள், அன்றிலிருந்து அந்த ஊரில் யாருக்கும் நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, பட்ட காயம் ஆறவில்லை, ஊறப்போட்ட பயறு முளைக்கவில்லை, ஈன்ற குட்டி ஆடாகவில்லை. வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கொன்றும் குறைந்துபோய்விடாது. நான் அந்த ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ், பேர் செபஸ்தியம்மாள், கடற்கரைப் பக்கத்துக்காரி. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்பதால் எனக்குக் காப்பு இல்லை, ஆகவே எனக்கு மட்டும் அந்த வருஷம் பூராவும் நகம் வளர்ந்தது. நான் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டினால் பொம்பளைகள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த ஊர்ப் பொன்னழகியம்மன் கோயிலில் காப்புக் கட்டுவது ஒரு வேலை, திருவிழா தொடங்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்பதில் அவர்கள் அப்படியொரு கறார். முதலில் பூசாரி கொப்பையா வீடு வீடாகப் போய் மஞ்சள் கயிறு கட்டுவார், மனுஷர் மணிக்கட்டில், மாட்டுக் கொம்பில், வேப்பமரத்தில், கிணற்றுத் தூணில், முளைப்பாரிச் சட்டியின் கழுத்தில். கயிறு கட்டியாயிற்றென்றால் எல்லாம் ஆயத்தம், ஆனால் எதுவும் ஆரம்பமில்லை. கயிறு கட்டும்போதே பூசாரி ஒருத்தியின் பேரைச் சொல்லிவிடுவார், சட்டிகளில் எருவைப் பரப்பிப் பயறு தூவிய மூன்றாம் நாள் அவள் கோயில் வாசலில் நின்று முதல் குலவை போட வேண்டும். நாக்கைப் புரட்டி அவள் அந்த ஒலியை எழுப்பியதும் தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, அங்கங்கே தனித்தனியாய்க் குலவை கிளம்பும், ஒரு வீட்டுக் குலவை இரண்டு பக்கமும் ஓடி அடுத்த வீட்டுக் குலவையோடு போய் ஒட்டிக்கொள்ளும், கண்மூடித் திறப்பதற்குள் ஊர் முழுக்க ஒரே குலவையாகிவிடும். குலவை விழுந்தபிறகு யாருக்கும் புதுக்கயிறு கட்டக் கூடாது. முளைப்பாரி வளர்ந்து, அதைக் கம்மாயில் கரைத்து, கட்டிய கயிற்றை அவிழ்த்து, அடுத்த ஆடி வந்தால்தான் அடுத்த கயிறு.

அந்த வருஷம் பேர் சொல்லப்பட்டவள் பாண்டிமீனா. அதுவரை குலவை போட்டுக்கொண்டிருந்த அவள் மாமியார் பங்குனியில் காலமாகிவிட்டதால் முறை மருமகளுக்கு வந்தது. பாண்டிமீனா நல்ல தொண்டைக்காரி, நாற்று நடும்போது அவள் குலவை போட்டால் அடுத்த ஊர் வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் காப்புக் கட்டிய அன்று அவள் ஊரில் இல்லை. மகள் சுபிக்‌ஷாவுக்கு வயிற்றில் கட்டி, சிறுநீரகத்தில் கிளம்பி ஈரல்வரை போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி ஏற்றி ஏழு வயசுக் குழந்தையின் தலைமுடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. அன்றைக்கு அவர்களை அனுப்பிவைக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும் ஊர்ப் பெரியவர் சோலைமலை, அதான் சாயங்காலம் வந்திருவாள்ல, கட்டுங்கப்பா என்று சொல்லிவிட்டார். ஆள் இல்லாத வீட்டு வாசல் நிலையில் அவளுக்கான கயிற்றைக் கட்டிப் பேரையும் சொல்லிவிட்டார் கொப்பையா. பேர் சொன்னால் சொன்னதுதான், காப்பு அவிழும்வரை மாற்ற முடியாது.

சாயங்காலம் பாண்டிமீனா பஸ்ஸிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வயிற்றைத் திறந்து பார்த்து, எடுக்க முடியாதென்று மூடி, தையலோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தீபாவளி பார்க்க மாட்டாள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிலையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள், அதில் பாதியைப் பிய்த்து மகள் கையிலும் கட்டினாள். அம்மன் காப்பு கையில் இருந்தால் ஏதாவது நடக்காதா என்றுதான், வேறென்ன.

மூன்றாம் நாள் முற்பகலில் எல்லோரும் கோயில் முன்னால் கூடினார்கள், தாம்பாளம் வந்தது, கொட்டு நின்றது, பாண்டிமீனா எழுந்து வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன், வாய் திறந்தபடி இருக்கிறது, தொண்டை நரம்பு விடைக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மகளுக்குச் சாவு சொல்லக் கேட்டவள் வாயிலிருந்து குலவை எப்படி வரும்? பாவம் புள்ள, நாளைக்குப் போடட்டும் என்று பொம்பளைகள் அவளைக் கைத்தாங்கலாய் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நாளைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

இருட்டறையில் சட்டிகளைத் திறந்து பார்த்தால் பயறு ஊறி, உப்பி, தோல் விரிந்து, இதோ முளைக்கப்போகிறேன் என்று நின்றது, முளைக்கவில்லை. அழுகவும் இல்லை. முதலில் எரு சரியில்லை என்றார்கள். பிறகு முடிவெட்டும் சண்முகவேல் வந்து ஒருத்தரும் கடைப்பக்கம் வரக்காணோமே என்றான். பிறகு காப்பன்று சவரம் பண்ணும்போது கன்னத்தில் பிளேடு கிழித்த காயம் சோலைமலைக்கு வாரக்கணக்கில் அப்படியே ஈரமாய் நின்றது. திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த குடும்பமொன்று மொட்டையாகவே பள்ளிக்கூடம், வயல், ரேஷன் கடை எல்லாம் போய்வந்தது. இட்லி மாவு பொங்கியது, தயிர் உறைந்தது, அதில் குறையில்லை, ஆனால் இடி இடித்த காலையில் கரட்டில் ஒரு காளான் கூட எட்டிப்பார்க்கவில்லை. அம்மன் கயிறு கட்டிவிட்டாள், குலவை விழவில்லை, அதனால் எல்லாம் ஆரம்பத்திலேயே நிற்கிறது என்று ஊர் தானாகப் புரிந்துகொண்டது, யாரும் அதிசயப்படவும் இல்லை, டிவிக்காரனைக் கூப்பிடவும் இல்லை.

மனுஷர் எதற்கும் பழகிவிடுவார்கள். காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பதால் திருப்பூர் போக வேண்டிய ஆம்பளைகள் உள்ளூரிலேயே கருவேலம் வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் துளிர்க்கவில்லை என்பதால் அதையும் பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். நிச்சயமான கல்யாணங்கள் நின்றன. மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது எங்க ஊருக்கு இன்னும் விடியலை என்று சொல்லி அனுப்பினார்கள். நடந்து பழகிய பிள்ளைகளுக்குச் சட்டை சின்னதாகவில்லை. காயம் பட்டால் ஆறாது என்பதால் ஊரே பூப்போல நடந்தது, அரிவாளை எடுப்பவன் இரண்டு தரம் யோசித்தான், புருஷன்மார் கை ஓங்குவது நின்றது, அந்த ஒன்றுக்காக நான் மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

தீபாவளி வந்தது, சுபி வெடி போட்டாள். கார்த்திகை போனது, பொங்கல் வந்தது, அவள் இருந்தாள். தை மாதத்தில் அவளையும் பாண்டிமீனாவையும் முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே திசுக்களைப் பரிசோதிக்கும் டாக்டர் ஜமீலா ஸ்கேனைப் பார்த்தார், பழைய ஸ்கேனைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கட்டி ஒரு நூலளவுகூட வளரவில்லை. கட்டியிலிருந்து துளி, தோலிலிருந்து துளி எடுத்து உள்ளே கொண்டுபோனவர் வெகுநேரம் கழித்து வந்து எங்கள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு விளங்குகிற பாஷையில் சொன்னார்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் ஆள் உயரத்துக்கு நூல் சுருட்டி வைத்திருக்கிறதாம், இரண்டு புரி முறுக்கிய நூல். செல் இரண்டாக வேண்டுமானால் முதலில் நூல் இரண்டாக வேண்டும். ஒரு முனையில் பிடித்து மறுமுனை வரைக்கும் படியெடுத்துக்கொண்டே போனால் மாசக்கணக்கில் ஆகும், ஆகவே ஆயிரக்கணக்கான இடங்களில் அது ஆரம்பிக்கும், ஆனால் அந்த இடங்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைக்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்த ஒரு புரதக் கூட்டம் ஒவ்வோர் இடத்திலும் போய் உட்காரும், துணைக்கு இரண்டு பேரைக் கூப்பிடும், எல்லோருமாய்ச் சேர்ந்து நூலைச் சுற்றி இரண்டு வளையல்களை முகத்துக்கு முகம் பார்க்கப் பூட்டுவார்கள். பூட்டியது அனுமதி, அவ்வளவுதான். வளையல் ஓடாது, புரி பிரியாது, சும்மா இருக்கும். அதன்பிறகு வேறோர் உத்தரவு வர வேண்டும். வந்ததும் வளையல்கள் உயிர் பெற்று ஆளுக்கொரு திசையில் புரியைப் பிரித்துக்கொண்டு ஓடும், பின்னாலேயே புதுப் புரி வளரும், ஒரு இடத்தில் கிளம்பியது அடுத்த இடத்தில் கிளம்பியதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்த உத்தரவுக்கே இன்னொரு வேலையும் உண்டாம்: துணைக்கு வந்தவர்களை விரட்டிவிடும், அந்தச் சுற்று முடியும்வரை புதிதாய் ஒரு வளையலும் பூட்டவிடாது. ஏனென்றால் ஒரே இடம் இரண்டு தரம் ஆரம்பித்துவிட்டால் நூல் தாறுமாறாகிவிடும், கட்டிகளுக்குப் பின்னால் அப்படிப்பட்ட கோளாறும் இருக்கும் என்றார்.

தயிர் மட்டும் எப்படி உறைகிறது டாக்டர் என்று கேட்டேன். அந்தக் கிருமிகள் இனமே வேறு, வட்டமாய் ஒரே நூல், தொடங்க ஒரே இடம், நம் சட்டதிட்டம் அதுகளுக்குக் கிடையாது என்று சொல்லிச் சிரித்தவர், சுபியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் பொண்ணோட செல்லுல எல்லா இடத்துலயும் வளையல் பூட்டியாச்சு சிஸ்டர். நல்ல செல்லுலயும் அப்படித்தான், கெட்ட செல்லுலயும் அப்படித்தான். உத்தரவு மட்டும் வரலை. யாருக்காகவோ காத்துக்கிட்டு நிக்குது."

பாண்டிமீனா வலது கையை எடுத்து மெதுவாகத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கியது எனக்கும் அந்த நொடியே விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. அதுவரைக்கும் வராத குலவை, இனிமேல் அவள் போடாத குலவையாயிற்று. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே விறகு பொறுக்கினாள், சமைத்தாள், பஸ்ஸுக்கு நின்றாள். கொட்டாவி வந்தால் பல்லைக் கடித்து விழுங்கினாள். தூக்கத்தில் நாக்கு புரண்டுவிட்டால் என்ன செய்வது என்று துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அவள் புருஷன் தவமணி, டிராக்டர் ஓட்டுகிறவன், சொற்பப் பேச்சுக்காரன், மனைவி வாயில் அந்தத் துண்டு அவிழ்ந்திருந்தால் எழுந்து மறுபடி கட்டிவிட்டுப் படுப்பான்.

ஊருக்கும் விஷயம் தெரிந்தது. குலவை விழுந்தால் சுபி போய்விடுவாள், விழாவிட்டால் ஊர் இப்படியே நிற்கும். நாவலேந்தல்காரர்களைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்வேன், ஆனால் இதில் அவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாசிவரைக்கும், பங்குனிவரைக்கும் ஒருத்தரும் அவள் வாசலில் போய் நின்று கேட்கவில்லை. நடவு இல்லை, அறுப்பு இல்லை, கம்மாயில் தண்ணீர் கிடந்து வீணானது, இருந்தும் சுபி தெருவில் வந்தால் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து அதிரசம் கொடுத்தார்கள். சித்திரையில்தான் ஜாடை பேச ஆரம்பித்தார்கள். வைகாசியில் சோலைமலை ஊரைக் கூட்டினார், பாண்டிமீனாவைக் கூப்பிடவில்லை, தவமணியைக் கூப்பிட்டு நிறுத்தினார், ஒரு வார்த்தையும் கேட்க வாய் வராமல் ஆறாத கன்னத்தைத் தடவிக்கொண்டே கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

கேட்பதற்கு மனசில்லாத மனுஷர்கள் குறுக்குவழி தேடுவார்கள். இன்னொருத்தி பேரைச் சொல்லி ஒரே ஒரு சட்டிக்கு மட்டும் இரண்டாவது கயிறு கட்டிப் பார்ப்போமே என்று கொப்பையாவைப் பிடித்து நெருக்கினார்கள். கட்டிய கயிறு அவிழாமல் மறுகயிறு கட்டக் கூடாது என்று அவர் தலையைத் தலையை ஆட்டினார், கடைசியில் கட்டினார். சோலைமலை மனைவி குலவை போட்டாள். சட்டியில் பயறு முளைத்தது. முளைத்ததைப் பார்த்து ஊரே கையெடுத்துக் கும்பிட்டது, கும்பிட்ட கை இறங்குவதற்குள் அது மறுபடியும் முளைத்தது, முளைத்ததன் மேலேயே முளைத்தது, இலை விடவில்லை, பச்சை பிடிக்கவில்லை, வெள்ளை வெள்ளையாய்த் திரண்டு திரண்டு சட்டியை உடைத்துக்கொண்டு தரையில் பொங்கி, தன்னைத் தானே நெரித்து நடுவில் கருகி நாறியது. குழி தோண்டித் தள்ளினார்கள், குழிக்குள்ளும் கொஞ்சநேரம் வீங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று சுபியும் பார்த்துவிட்டாள்.

"எனக்குள்ள இருக்கது இதானாம்மா?" என்று கேட்டாள்.

பாண்டிமீனா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். யாரும் இரண்டாம் கயிற்றைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

இதில் சொல்லாமல் விடக்கூடாத ஆள் இன்னொருத்தி, தவமணியின் தங்கை போதும்பொண்ணு. வரிசையாய்ப் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு அப்படிப் பேர் வைத்துவிடுவார்கள், பேர் வைத்தவர்களுக்குச் சாமி நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், போகாத கோயில் இல்லை, நான் எழுதிக்கொடுக்காத மாத்திரை இல்லை, கடைசியில் ஒருவழியாய்த் தங்கி நாலாவது மாதம், திருவிழா பார்க்கப் பிறந்த ஊரில் அக்கா வீட்டுக்கு வந்தவள் கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். அவள் வயிறு அந்த நாலாவது மாதத்திலேயே நின்றது. வாராவாரம் வந்து படுப்பாள், நான் டேப்பைப் போட்டு அளப்பேன், அதே அளவு, கருவியை வைத்துக் கேட்டால் இதயம் துடிக்கிறது, அதே துடிப்பு, இன்னும் அசையத் தொடங்கவில்லை. புருஷன் வீட்டில் என்னென்னவோ பேசினார்கள். ஊரில் கேட்பதற்கு முழு உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான், ஒருநாளும் கேட்கவில்லை.

சுபிக்கு அத்தையென்றால் உயிர். அத்தை வயிற்றில் காதை வைத்து, பாப்பா இன்னும் தூங்குது, என்ன சோம்பேறி அத்தை இது என்பாள். ஒருநாள் நான் சுபிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது போதும்பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பாண்டிமீனா தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். போதும்பொண்ணு அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"மதினி, நீங்க ஒண்ணும் போட வேணாம். எனக்கென்ன, நான் பாட்டுக்குச் சுமந்துக்கிட்டே இருக்கேன். வலியா எடுக்குது?"

பாண்டிமீனா அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே வாயைப் பொத்தியிருந்தாள். அந்தக் கையின் மேல் கண்ணீர் இறங்கியது.

வலி எடுத்தது சுபிக்குத்தான். அதைத்தான் ஊர் பார்க்கவில்லை, நான் தினமும் பார்த்தேன். கட்டி நின்றது, வலி நிற்கவில்லை. திறந்து மூடிய வயிற்றுத் தையல் ஒட்டவே இல்லை, போன ஆடியில் எப்படி இருந்ததோ அப்படியே சிவந்து வாய் பிளந்து கிடந்தது, காலையும் சாயங்காலமும் துணியை நனைத்துப் பிரித்துக் கழுவி மறுபடி சுற்ற வேண்டும். பிரிக்கும்போது அந்தக் குழந்தை அழாது, ஆனால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், தாயின் தலைமுடியைக் கொத்தாய்ப் பிடித்துக்கொள்ளும், பிடுங்கிய முடி திரும்ப முளைக்காமல் பாண்டிமீனாவின் காதோரம் சொட்டை விழுந்திருந்தது. முந்தின ஆடியில் இருந்த புண், அடுத்த ஆடி வரைக்கும் முதல்நாள் புண்ணாகவே இருந்தது என்றால் அதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சாகாமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தினமும் காலையில் அவளை ஆபரேஷன் முடிந்த மறுநாளுக்கே எழுப்பிக்கொண்டிருந்தோம்.

மறு ஆடி பிறந்திருந்தது. ஒரு முற்பகல், நான் கட்டைப் பிரித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன், பாண்டிமீனா பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுபி அம்மாவின் வாயைப் பொத்திய கையைப் பிடித்தாள், ஒவ்வொரு விரலாய் நகர்த்தினாள்.

"அம்மா, ஒரு நாளைக்காச்சும் எனக்கு வலிக்காம இருக்கணும்மா."

"புண்ணு ஆறுனா நீ போயிருவடி தங்கம்."

"தெரியும். ஆறட்டும்மா."

பாண்டிமீனா வியர்வை துடைத்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புண் பட்ட பக்கம் வெளியே இருக்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக்கூட முடியாமல் தெருவில் இறங்கிக் கோயில் வாசலுக்கு நடந்தாள், நான் பஞ்சும் கையுமாய்ப் பின்னாலேயே ஓடினேன். கொட்டு இல்லை, தாம்பாளம் இல்லை, கூட்டம் இல்லை, வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது. அவள் மகள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள், நிமிர்ந்தாள், குலவை போட்டாள்.

அப்படியொரு குலவையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம். சந்தோஷத்துக்குப் போடுவதுதான் அது, அவளும் அதே ஒலியைத்தான் போட்டாள், ஒரு பிசிறில்லை, கேட்கிறவர்கள் ஈரக்குலையைப் பிடுங்கி வெளியே போட்டதுபோல் இருந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி கையில் இருந்த அகப்பையோடு குலவை எடுத்தாள், வடக்குத்தெருவில் ஒருத்தி எடுத்தாள், கம்மாய்க்கரையில் துணி துவைத்தவள் எடுத்தாள், சில வீடுகளில் முந்தி, சில வீடுகளில் பிந்தி, சில வீட்டுப் பொம்பளைகள் வாய் திறந்தும் போடாமல் நின்றுவிட்டார்கள், அவர்கள் வாசலைப் பக்கத்து வீட்டுக் குலவை வந்து கடந்து போனது, அங்கிருந்தும் இங்கிருந்தும் ஓடிவந்தவை ஒன்றோடொன்று ஒட்டி ஊர் முழுக்க ஒரே சத்தமானது. குலவை போட்ட ஒருத்தி கண்ணிலும் ஈரம் இல்லாமல் இல்லை. ஒரு வருஷமாய் இருட்டில் கிடந்த பயறு முளைத்தது, வெட்டிய கருவேலம் துளிர்த்தது, குட்டிகள் தாயை முட்டிக்கொண்டு பால் குடித்தன, போதும்பொண்ணு அக்கா வீட்டு வாசலில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுபியின் வயிற்றுப் புண் ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிசாய்ப் புதுத்தோல் எட்டிப்பார்த்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

வாரத்துக்குள் புண் மூடிவிட்டது. முளைப்பாரி ஊர்வலத்தில் சுபி ஒரு சின்னச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தானாகவே நடந்துபோனாள், தலையில் பூனைமுடி போல் முடி வந்திருந்தது, கம்மாயில் சட்டியைக் கரைத்துவிட்டு ஈரத்துணியோடு ஓடினாள், ஓடும்போது வலிக்கலைம்மா, வலிக்கலைம்மா என்று கத்திக்கொண்டே ஓடினாள். கேட்ட நாள் அவளுக்குக் கிடைத்தது, ஒரு நாள் இல்லை, ஆவணி பூராவும் கிடைத்தது. ஊர்க்காரர்கள் முடிவெட்டப் போனார்கள், கல்யாணம் வைத்தார்கள், நாற்றுப் பாவினார்கள், பாண்டிமீனா வீட்டைக் கடக்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்கள்.

உள்ளே இருந்ததும் விழித்துக்கொண்டது. புரட்டாசியில் வயிறு மேடிட்டது, ஐப்பசியில் அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஜமீலா கொடுத்தனுப்பிய மருந்தால் வலியை மட்டும் பெரும்பாலும் தள்ளிவைக்க முடிந்தது, அதைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் தாயின் மடியில் சுபி போய்ச் சேர்ந்தாள். பாண்டிமீனா அழவில்லை. தேற்ற வந்தவர்களுக்கு அவளே காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மார்கழியில் போதும்பொண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நான்தான் பிரசவம் பார்த்தேன். நல்ல எடை, நல்ல குரல். தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். கூட நானும் இருந்தேன். பாண்டிமீனா வெளியே வந்தாள், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். உச்சியை முகர்ந்தாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். போதும்பொண்ணு அழுதுகொண்டே சொன்னாள்.

"மதினி, இவளுக்கு சுபிக்‌ஷான்னே பேரு வைக்கிறேன். உங்க பிள்ளைதான் மதினி இது. உங்க கிட்டயே வளரட்டும்."

பாண்டிமீனா பிள்ளையை மெதுவாகத் தாய் கையில் திருப்பிக் கொடுத்தாள், சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

"வேணாம் போதும்பொண்ணு. அவ ஒருக்காத்தான். இவளுக்கு இவ பேரை வை."

அப்படிச் சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள், வாயைப் பொத்தாமல், ஊர் கேட்க அழுதாள்.